டைம் மெஷின்ல ஒரு கறுப்பினப் பொண்ணு ஏறுனா அது "திணிப்பு"ங்கறாங்க, நெஜமாவா?

ராத்திரி ஷோ கேட்டது:

போன சனிக்கெழம ராத்திரி நானும் எங்க அத்தை பையனும் நெட்ஃப்ளிக்ஸ்ல "சீ யூ எஸ்டர்டே" பாத்தோம். 2019 படம், எங்க கண்ணுல லேட்டாத்தான் பட்டுச்சு. ஸ்டெஃபான் பிரிஸ்டல்ங்கறவரோட மொத படம், தயாரிப்பு பிரபல கறுப்பின டைரக்டர் ஸ்பைக் லீ. கதை தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்றேன், ஸ்பாய்லர் வேணாம்னா இங்கயே கழண்டுக்கோங்க.

நியூயார்க்ல புரூக்ளின் பக்கம் ஈஸ்ட் ஃப்ளாட்புஷ்னு ஒரு ஏரியா, கரீபியன் பக்கத்துலேர்ந்து வந்த குடும்பங்க நெறைய இருக்கற எடம். அங்க சீஜேன்னு ஒரு ஸ்கூல் பொண்ணும் அவ ஃப்ரெண்டு செபாஸ்டியனும் சேந்து டைம் மெஷின் செய்றாங்க, கார் மாதிரியெல்லாம் இல்ல, ஸ்கூல் பை கணக்கா முதுகுல மாட்டிக்கற சமாச்சாரம். ஒரே ஒரு நாள் பின்னாடி போறாங்க. போய் என்ன பண்றா தெரியுமா, பழைய பாய்ஃப்ரெண்ட் மேல ஐஸ் ஜூஸ விட்டு அடிக்கிறா, அவன் கார்ல அடிபட்டு கைய ஒடச்சுக்கறான். அதுவரைக்கும் நானும் மச்சானும் சிரிச்சிட்டுதான் இருந்தோம். அப்புறம் அவ அண்ணன் கால்வின போலீஸ் சுட்டுருது, திருடன்னு தப்பா நெனச்சு, அவன் எடுத்தது போனு. அதுக்கப்புறம் அது வேற படம். அண்ணன காப்பாத்த திரும்பத் திரும்ப போறா, ஒருத்தன மீட்டா இன்னொருத்தன் போறான், கடைசில அவ தனியா ஓடற ஷாட்லயே முடிச்சிட்டாங்க.

முடிஞ்சதும் மச்சான் ஆரம்பிச்சிட்டான். "இப்பல்லாம் ஒரு லிஸ்ட் வெச்சிருப்பாய்ங்கடா, கறுப்பர் ஒண்ணு, பொண்ணு ஒண்ணு, போலீஸ் பிரச்சன ஒண்ணு, டிக் அடிச்சிட்டே போவாய்ங்க. டைம் டிராவல்னு சொல்லி ஒக்கார வெச்சு அரசியல் ஓட்டிட்டாய்ங்க. பேக் டு தி ஃப்யூச்சர்ல இதெல்லாம் இருந்துச்சா, எவ்ளோ ஜாலியா இருந்துச்சு"ன்னான்.

அவன் சொல்றது தப்புன்னு தோணுது, ஆனா என்ன தப்புன்னு சொல்ல வாய் வரல. இதே கதைல ஒரு வெள்ளக்காரப் பையன போட்டாலும் படம் நிக்குமா? இல்ல இந்த டைவர்சிட்டியே ஒரு மார்க்கெட்டிங்தானா? பாத்தவங்க சொல்லுங்க.

பழைய விசிடி:

பேக் டு தி ஃப்யூச்சர்ல இதெல்லாம் இல்லைன்னு உங்க மச்சானுக்கு யாரு சொன்னா? எல்லாம் இருக்கு, நம்ம கண்ணுக்குத்தான் தெரியல. எனக்கும் இருவது தடவ பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது, அதனால அவர திட்டல.

அந்தப் படத்து ஹீரோ மார்ட்டி, 1985ல இருக்கற வெள்ளக்காரப் பையன், டைம் மெஷின்ல 1955க்கு போய் எறங்குனதும் ஒரு காஃபி கடைக்குள்ள நொழைவான்ல, அங்க தரை தொடைக்கற ஒரு கறுப்பினப் பையன் இருப்பான், கோல்டி வில்சன். "நான் இங்கயே கெடக்க மாட்டேன், பெரிய ஆளா வருவேன்"ங்கற மாதிரி பேசுவான். மார்ட்டிக்கு அவன் பின்னாடி மேயர் ஆகப்போறது தெரியும், வாய் தவறி சொல்லிடுவான். ஒடனே கோல்டி "மேயரா, நல்ல யோசனையா இருக்கே"ம்பான். மொதலாளி நக்கலடிச்சிட்டு தொடப்பத்த கையில குடுப்பாரு. எல்லாரும் சிரிப்போம். ஆனா யோசிச்சு பாருங்க, அந்தப் பையனுக்கு மேயர் ஆகலாம்ங்கற நெனப்பே எதிர்காலத்துலேர்ந்து வந்த ஒரு வெள்ளப் பையன் வாயிலேர்ந்துதான் வரணுமா? அதே கலிஃபோர்னியாவுல டாம் பிராட்லி 1973லயே லாஸ் ஏஞ்சலஸ் மேயர் ஆயிட்டாரு, அவருக்கு எந்த டைம் டிராவலரும் வந்து ஐடியா குடுக்கல.

அடுத்தது டான்ஸ் சீன். பேண்ட் வாசிக்கற மார்வின் பெர்ரி கைல அடிபட்டுரும், மார்ட்டி கித்தார எடுத்து ஜானி பி. குட் வாசிப்பான், மார்வின் ஓடிப்போய் போன்ல "சக், நீ தேடிட்டு இருந்த சவுண்டு இதோ"ன்னு சொந்தக்காரன், அந்தப் பாட்ட நெஜமா எழுதுன ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரிக்கு கேக்க வெப்பாரு. செம ஜோக்குதான், இல்லைன்னு சொல்லல. ஆனா பாட்டு 1958ல வந்ததுன்னாலும் சக் பெர்ரியோட மேபலீன் பாட்டு 1955 ஜூலைலயே வந்து ரிதம் அண்ட் ப்ளூஸ் லிஸ்ட்ல நம்பர் ஒன் அடிச்சிருச்சு. அந்த டான்ஸ் நடக்கறது நவம்பர்ல. அதாவது அந்த ஆளு ஏற்கனவே கண்டுபிடிச்சு ஹிட்டும் குடுத்துட்டாரு, படம்தான் அத அவர்கிட்டேர்ந்து புடுங்கி மார்ட்டி கைல குடுத்துருது. இதுல அந்த லிபியா தீவிரவாதிங்க வேற, வேன்ல வந்து கத்திட்டு சுடறதுக்கு மட்டும்தான் இருப்பாங்க, அத பத்தி பேச ஆரம்பிச்சா விடிஞ்சிரும்.

இன்னொண்ணு. இது என் மண்டைய குடையற விஷயம். மார்ட்டி போய் எறங்குற நாள் 1955 நவம்பர் 5. அதுக்கு ரெண்டு மாசம் சொச்சம் முன்னாடி, ஆகஸ்ட் 28, மிசிசிப்பில எமெட் டில்னு 14 வயசு கறுப்பினப் பையன கடத்திட்டுப் போய் அடிச்சு கொன்னாங்க, வெள்ளக்காரப் பொம்பளகிட்ட தப்பா நடந்துகிட்டான்னு சொல்லி. கொன்னவங்கள செப்டம்பர்ல வெள்ளக்கார ஜூரி வெளிய விட்டுருச்சு. மின்னல் அடிச்சு மார்ட்டி தன்னோட காலத்துக்கு திரும்புறது நவம்பர் 12. அதுலேர்ந்து 19ஆவது நாள், டிசம்பர் 1, அலபாமால ரோசா பார்க்ஸ்ங்கற கறுப்பினப் பெண் வெள்ளக்காரருக்காக பஸ் சீட்ட விட்டு எந்திரிக்க மாட்டேன்னு ஒக்காந்தாங்க. இந்த ரெண்டுக்கும் நடுவுல அந்தப் பையன் ஸ்கேட்போர்டு ஓட்டிட்டு ஜாலியா சுத்திட்டு வந்துட்டான். அந்தப் படம் நடக்கற ஹில் வேலி கற்பனை ஊரு, கலிஃபோர்னியா, மிசிசிப்பி இல்ல, ஒத்துக்கறேன். ஆனா அந்த மெஷின்ல சீஜே ஏறி அதே 1955க்கு போயிருந்தா? காஃபி கடை ஸ்டூல்ல போய் நேரா ஒக்காந்திருக்க முடியுமா, இல்ல மொதல்ல நாலு பக்கமும் பாத்திருப்பாளா? மெஷின் ஒண்ணுதான், ஏறுற ஆள பொறுத்துதான் டூரா ஆபத்தான்னு ஆகுது. அதான் உங்க கேள்விக்கு என் பதில்.

சீ யூ எஸ்டர்டேல அந்த டீச்சர கவனிச்சீங்களா? மைக்கேல் ஜே. ஃபாக்ஸ், மார்ட்டியா நடிச்சவரே! பழைய படத்து விஞ்ஞானி அடிக்கடி கத்தற மாதிரியே "கிரேட் ஸ்காட்"னு சொல்லி நம்மள சிரிக்க வெக்கறாரு. அவர் கைல படிச்சிட்டு இருக்கற புக்க பாருங்க, ஆக்டேவியா பட்லர் எழுதுன கிண்ட்ரெட், 1979 நாவல். அதுல டேனான்னு ஒரு கறுப்பினப் பொண்ணு 1976 கலிஃபோர்னியாலேர்ந்து அடிமைக் காலத்து மேரிலாண்டுக்கு இழுத்துட்டுப் போகப்படுவா. மெஷினும் கெடையாது, பட்டனும் கெடையாது, அங்க ஒரு வெள்ளக்காரப் பையன் உயிருக்கு ஆபத்துன்னா இவள இழுத்துக்கும், அவ்ளோதான். அவ புருஷன் வெள்ளக்காரர், ஒரு தடவ அவரும் கூட மாட்டிக்குவாரு. அதே பண்ணை, அதே வருஷம், அவருக்கு டைனிங் டேபிள், இவளுக்கு அடுப்படி. மார்ட்டி கைல அந்தப் புக்க குடுத்து ஒக்கார வெச்சாரு பாருங்க டைரக்டர், எனக்கு அங்கயே டிக்கெட் காசு வந்துருச்சு (ஓடிடிக்கு ஏது டிக்கெட்னு கேக்காதீங்க).

லாஜிக் இடிக்குது:

பழைய விசிடி நல்லா எழுதிருக்கீங்க, ஆனா நீங்க எழுதுனது வேற படத்த பத்தி. கேட்டது சீ யூ எஸ்டர்டே. அந்தப் படம் எனக்கு புடிக்கல, அதுக்காக என்ன ரேசிஸ்ட் லிஸ்ட்ல சேத்துராதீங்க.

மொதல்ல மெஷின் ரூல்ஸே தெளிவா இல்ல. எப்ப ஒர்க் ஆவும், எத்தன தடவ போலாம், போன எடத்துல இன்னொரு சீஜே இருக்காளே அவ என்ன பண்ணுவா, எல்லாத்தையும் வேக வேகமா சொல்லிட்டு ஓடிடறாங்க. இண்டிபெண்டன்ட் ஸ்பிரிட்ங்கற அமெரிக்க சினிமா விருதுல மொத திரைக்கதைக்கு அவார்டு குடுத்தாங்கன்னு யாராவது வருவீங்க, தெரியும், எனக்கு ஒதைக்கறதே அந்தத் திரைக்கதைதான்.

ரெண்டாவது, இதுதான் முக்கியம். ஒரு கறுப்பினப் பொண்ண சயிண்டிஸ்ட்டா காட்டுனீங்க, சூப்பர். மொத அரைமணி நேரம் எவ்ளோ நல்லா இருந்துச்சு, ரெண்டு பேரும் சண்ட போட்டுட்டு ஸ்குரு டைட் பண்ணிட்டு, சாப்பாடு, பாட்டு, தெரு. அப்டியே விட்டிருக்கலாம்ல? இல்ல, அவளுக்கு கெடச்ச மெஷின்ல பொணத்த பாக்கத்தான் போகணும். வெள்ளப் பையனுக்கு மெஷின் கெடச்சா டைனோசர் பாப்பான், அப்பா அம்மா லவ்வ சேத்து வெப்பான், லாட்டரி ரிசல்ட் பாப்பான். இவளுக்கு மட்டும் துக்கம். அந்த அண்ணன் சாவ திரும்பத் திரும்ப காட்டறாங்க, நான் மூணாவது தடவ ரிமோட்ட எடுத்துட்டேன். கறுப்பர் கதைன்னாலே அழுகைதானா? மச்சான் சொன்ன டிக் லிஸ்ட் எனக்கும் தோணுச்சு, ஆனா அவரு எரிச்சல் பட்ட எடம் வேற, நான் எரிச்சல் பட்ட எடம் வேற.

ராத்திரி ஷோ:

@லாஜிக் இடிக்குது இத மச்சான்கிட்ட காட்டுனா "பாத்தியா நான் சொன்னேன்ல"ம்பான், அவன் சொன்னது இது இல்லன்னு நான் ஒரு மணிநேரம் வெளக்கணும் 😅 ஆனா நீங்க சொல்றதுல பாயிண்ட் இருக்கு. அந்த ஐஸ் ஜூஸ் சீன் மாதிரி இன்னும் நாலு இருந்திருந்தா எனக்கும் சந்தோசம்தான்.

ஸ்காபரோக்காரி:

நான் இந்தப் படம் ரெண்டு தரம் பாத்தனான். முதல் தரம் தனிய, ரெண்டாம் தரம் என்ர மகளோட, அவளுக்கு அப்ப பதினாலு.

லாஜிக் எண்டவர் சொல்லுறது எனக்கு விளங்குது, ஆனா நான் அந்தச் சீனை வேற மாதிரித்தான் பாத்தன். கால்வின் போனை எடுக்கேக்க எனக்கு நெஞ்சு பக்கெண்டது. நாங்கள் கொழும்பில இருக்கேக்க அண்ணா ட்யூஷனுக்கு வெளிக்கிட முதல் அம்மா ஒவ்வொரு நாளும் ஒரே வசனம்தான் சொல்லுவா: "ஐசிய சேட் பொக்கெற்றில வை, காற்சட்டைப் பொக்கெற்றுக்க கை விடாத." செக்பொயின்ற்றில ஐசி, அதான் அடையாள அட்டை, கேட்டா கை மேல போகோணும், கீழ போகப்படாது. அண்ணா அம்பது வயசாகியும் இண்டைக்கும் பேர்ஸ மேல் பொக்கெற்றிலதான் வைக்கிறார், ரொறன்ரோ குளிருக்க, ஜக்கெற்றத் திறந்து எடுத்துக்கொண்டு நிப்பார்.

கறுப்பின ஆக்களின்ர கதையும் எங்கட கதையும் ஒண்டெண்டு நான் சொல்லேல்ல. அவையின்ரது நானூறு வருசக் கதை, அது வேற. ஆனா அந்தப் பிள்ளை ஒரு நாள்தானே பின்னால போறாள், அது உங்களுக்கு ஆருக்கும் வித்தியாசமாத் தெரியேல்லையோ? மற்றப் படங்களில எல்லாரும் ஐம்பது வருசம் நூறு வருசம் எண்டு போகினம். வீட்டில ஒரு சாவு நடந்த ஆக்களுக்கு நூறு வருசம் எதுக்கு, முதல்நாள் பின்னேரம் காணும். அவன் வெளிக்கிட முதல் வாசல்ல நிண்டு மறிச்சாக் காணும். இந்தக் கதையை யோசிச்ச ஆள் இது தெரிஞ்ச ஆள் எண்டு எனக்கு அதிலதான் விளங்கினது. வெளியில இருந்து பாக்கிறவை எழுதியிருந்தா அந்தப் பிள்ளையை லிங்கனிட்ட அனுப்பியிருப்பினம்.

மகள் என்ன சொன்னவள் தெரியுமோ? அவளுக்குப் போலீஸ் பகுதி பெரிசாப் படேல்ல. "அம்மா, அவள் கணக்குச் செய்யேக்க ஒருத்தரும் ஆச்சரியப்படேல்ல பாத்தீங்களோ" எண்டாள்.

அரைகுறை ஃபிசிக்ஸ்:

ஸ்காபரோக்காரி அக்கா கமெண்ட் படிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

"கறுப்பின சயிண்டிஸ்ட் டைம் மெஷின் செஞ்சு செத்தவங்கள காப்பாத்த போறது"ங்கறத திணிப்புன்னு சொல்றவங்க ரொனால்ட் மாலெட் பேர கூகுள் பண்ணி பாக்கணும். நெஜ ஆளு. கனெக்டிகட் யூனிவர்சிட்டில தியரிட்டிக்கல் ஃபிசிக்ஸ் ப்ரொஃபசரா இருந்தவர், கறுப்பினத்தவர், வளந்தது பிராங்க்ஸ்ல. அப்பா டிவி ரிப்பேர் பண்றவரு, 33 வயசுல ஹார்ட் அட்டாக்ல போயிட்டாரு, அப்ப இவருக்கு பத்து வயசு. ஒரு வருஷம் போல கழிச்சு ஹெச்.ஜி. வெல்ஸோட டைம் மெஷின் கதைய காமிக்ஸா படிக்கிறாரு, ஒடனே அப்பாவோட பழைய டிவி பார்ட்ஸையும் காயலான் சாமானையும் சேத்து மெஷின் கட்ட ட்ரை பண்றாரு. திரும்பப் போய் அப்பாவ எச்சரிக்கணும், அவ்ளோதான் ஆச. அதுக்காகவே ஃபிசிக்ஸ் படிச்சு பிஎச்டி வரைக்கும் போனாரு. வேலைல சேந்தப்புறம் ரொம்ப வருஷம் வெளிய சொல்லவே இல்ல, பைத்தியம்னு சொல்லிடுவாங்கன்னு பயம், கேட்டா ப்ளாக் ஹோல் ஆராய்ச்சின்னு சொல்லிக்குவாரு. அப்புறம்தான் வட்டமா சுத்தற லேசர் ஒளி காலத்த வளைக்குமான்னு பேப்பரே போட்டாரு. நெறைய ஃபிசிக்ஸ் ஆளுங்க அத ஒத்துக்கல, அது தனி சண்ட.

இதுல ரெண்டு விஷயம். ஒண்ணு, அவரு கணக்குப்படி மெஷின் ஆன் பண்ண நாளுக்கு முன்னாடி யாரும் போக முடியாது. அதாவது மெஷின் நெஜமாவே ஒர்க் ஆனாக்கூட அவரால அப்பாவ பாக்க முடியாது, அது அவருக்கும் தெரியும், தெரிஞ்சும் விடல. ரெண்டு, அவரோட சுயசரிதை 2006ல வந்துச்சு, அத படமாக்கற உரிமைய 2008ல வாங்குனது யாரு தெரியுமா, ஸ்பைக் லீ! அந்தப் படம் வரல. ஆனா பத்து வருஷம் கழிச்சு அதே ஆளு தயாரிச்சதுதான் நீங்க சனிக்கெழம பாத்தது. ஒண்ணுலேர்ந்துதான் இன்னொண்ணு வந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ணல, ஆனா எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சிருச்சு.

ஆங், மாலெட்டோட அப்பா செத்த வருஷம்: 1955. பழைய விசிடி, உங்க லிஸ்ட்ல சேத்துக்கோங்க.

அப்புறம் சும்மா ஒரு தகவல், டைரக்டர் பிரிஸ்டலுக்கு கயானா பூர்வீகம். நான் குயின்ஸ்ல இருக்கேன், இங்க கயானாக்காரங்க மாரியம்மன் கும்புடுறாங்க, அந்தக் காலத்துல மெட்ராஸ்லேர்ந்து கரும்புத் தோட்டத்துக்கு கப்பல்ல போனவங்களோட வம்சம். தமிழ் பேச வராது, ஆனா உடுக்கு சத்தம் கேட்டா நம்மூர் கொடைதான். தலைப்புக்கு சம்பந்தமில்ல, மன்னிச்சுக்கோங்க.

கோவை குசும்பு:

ஏனுங்க, இம்புட்டு தூரம் போவானேன், நம்மூர்லயே மாநாடு இருக்குதல்லங்க? டைம் லூப் படம், அதாவது ஒரே நாள் திரும்பத் திரும்ப நடக்குமுங்க, ஹீரோ பேரு அப்துல் காலிக். சிஎம்ம போட்டுத்தள்ளிட்டு பழிய ஒரு முஸ்லிம் பையன் தலைல கட்டி கலவரம் பண்றதுதான் சதி. அந்தப் பேர மாத்தி வேற பேரு வெச்சா கதையே படுத்துரும். நான் வெச்சிருக்கற டெஸ்ட் இதுதானுங்க: ஆளோட அடையாளத்த உருவிப் பாரு, கதை அப்டியே நின்னா அது ஒட்டு வேல, விழுந்தா அது நெஜம். அந்தக் கணக்குல சீஜே படமும் பாஸ். வெள்ளக்காரப் பையன் போன எடுத்தா எவன் சுடப்போறான்?

லாஜிக் இடிக்குது:

கோவை, டெஸ்ட் நல்லாருக்கு, ஆனா அத மார்ட்டி மேல போட்டு பாருங்க. மார்ட்டிய உருவிட்டு வேற ஆள போட்டா என்ன ஆவும்னு இந்த த்ரெட் வர்றதுக்கு முன்னாடி யாராவது கேட்டோமா? அவன் ஏன் வெள்ளையா இருக்கான்னு கதைல காரணம் சொல்ல வேண்டியதில்ல, சீஜே மட்டும் ஏன் கறுப்புன்னு கதை ப்ரூவ் பண்ணணும். காலிக்கும் அதே கதிதான், சதி நடந்தாத்தான் காலிக் ஹீரோவா வரலாம். சும்மா ஒரு காலிக் ஃப்ரெண்ட் கல்யாணத்துக்கு போய் லூப்ல மாட்டி காமெடி பண்ணா நம்ம ஆளுங்க "எதுக்குப்பா அந்தப் பேரு"ன்னு கேப்பாங்க. ஒங்க டெஸ்ட்ல பாஸ் ஆகணும்னா பாவம் அவங்க அடி வாங்கித்தான் ஆகணும்.

ஸ்காபரோக்காரி மக சொன்னத திரும்ப படிச்சேன். கணக்கு போடும்போது யாரும் ஆச்சரியப்படல. அது நான் கவனிக்கல. ரிமோட்ட வெச்சிட்டு மொத அரைமணி நேரத்த இன்னொரு தடவ பாக்கறேன். ரூல்ஸ் மட்டும் இப்பவும் ஓட்டைதான், அதுல மாத்தமில்ல.

பழைய விசிடி:

டைம் டிராவல் படத்துல ரூல்ஸ் ஓட்டையில்லாத படம் ஒண்ணு சொல்லுங்க, நான் மீசைய எடுத்துக்கறேன். மார்ட்டி கை மறையற ஸ்பீடும் ஃபோட்டோல அண்ணன் தல மறையற ஸ்பீடும் எந்த ஃபார்முலா? அத நாம ஜாலியா விட்டுட்டோம்.

ராத்திரி ஷோ:

எல்லாருக்கும் நன்றி, மச்சான்கிட்ட மொத்த த்ரெட்டையும் அனுப்பிட்டேன். ப்ளூ டிக் வந்துச்சு, ஒரு நாள் முழுக்க பதில் இல்ல, அவன் அப்டி இருக்கற ஆளே இல்ல. நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்தான், எதுவும் பேசாம பேக் டு தி ஃப்யூச்சர போட்டான். காஃபி கடை சீன் வந்ததும் பாஸ் பண்ணி, தொடப்பத்தோட நிக்கற அந்தப் பையன காட்டி "இவன் பேரு என்னன்னு சொன்ன?"ன்னான்.

கோல்டி வில்சன்னேன். "ம்"னுட்டு ப்ளே பண்ணான். டான்ஸ் சீன்ல வழக்கம்போல கித்தார் வாசிக்கற மாதிரி கைய ஆட்டிட்டேதான் பாத்தான், அத மட்டும் விடல.